உண்டியலோடு முடிகிற கொடி நாள்

டிசம்பர் 7 கொடி நாள் வசூல் இலக்கு பற்றிய செய்தியைப் படித்தேன். 1949 முதல் முன்னாள் படைவீரர்கள், போரில் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்காக நிதி திரட்டும் நாள் இது; வசூல் தேவைதான், சரி. ஆனால் இலக்கை எட்டியதும் அந்த நாளும் முடிந்துவிடுகிறதே! என் அப்பா 1971 போரில் பங்கேற்றவர். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு, திரும்பி வராத தோழரின் பெயரை ஒருமுறை சொல்வார். அப்புறம் நாள் முழுக்கப் பேச மாட்டார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, நான் உட்பட.

பள்ளிகள் அன்று உண்டியல் குலுக்குவதோடு நிறுத்தாமல், அருகில் வசிக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரை அழைத்து ஒரு பாடவேளை பேசச் சொல்லலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இதற்கு உதவ வேண்டும்.