மகளுக்கு, தேனீப் பிசின் குறித்து

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். அங்கே மருந்துக் கடையில் வாங்கிய அந்தச் சிறு குப்பியில் இருப்பது புரோபோலிஸ், அதாவது தேனீப் பிசின். முப்பது ஆண்டுகளாகத் தேன்பெட்டி வைத்திருக்கும் நம் வீட்டில் இதை ஏன் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை என்று கேட்டிருந்தாய். நம் ரப்பர் தோட்டத்தில் வளர்ப்பது இந்தியத் தேனீ. அது பிசின் சேர்ப்பதில்லை. ஐரோப்பியத் தேனீதான் பாப்லர், பிர்ச் போன்ற மரங்களின் மொட்டுகளில் கசியும் பிசினைச் சுரண்டி, பின்னங்கால்களில் ஒட்டிக்கொண்டுவந்து, மெழுகோடு கலந்து கூட்டின் இண்டு இடுக்குகளை எல்லாம் அடைக்கிறது.

1991–92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்கு நோய் வந்து நம் பக்கத்துப் பெட்டிகள் வரிசையாகக் காலியானது உனக்கு நினைவிருக்காது. அதற்குப் பிறகு, ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகையான இத்தாலியத் தேனீயை வளர்த்துப் பார்த்தவர்களிடம் சில நாள் வேலை பழகினேன். நம் பெட்டியின் மூடி கையால் தூக்கினாலே வந்துவிடும். அவர்களுடைய பெட்டியில் அடை கட்டும் சட்டங்களைக் கம்பியால் நெம்பினால்தான் 'படக்' என்ற ஓசையோடு பெயரும். வெயில் ஏறினால் அந்தப் பிசின் மெழுகாய்க் குழைந்து விரலில் ஒட்டும். காலைக் குளிரில் கண்ணாடிபோல உடையும். மூன்றாம் நாளே என் விரலிடுக்கில் கொப்புளம் கிளம்பி, ஒரு வாரம் அரிப்பு நிற்கவில்லை. ஆகவே அதை வாயில் விடுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்.

அதன் குணம் பொய்யில்லை. ஏறத்தாழப் பாதி மரப்பிசின், முப்பது விழுக்காடு மெழுகு, மீதி நறுமண எண்ணெயும் மகரந்தமும் பிறவும். பிசினில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரப் பொருள்கள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுப்பதை ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்டிருக்கிறார்கள். கூட்டுக்குள் புகுந்து செத்த சுண்டெலியைத் தேனீக்களால் வெளியே இழுக்க முடியாதபோது, அதன் மேல் பிசினைப் பூசி அழுகாமல் மூடிவிடும். 'நகரத்துக்கு முன்னால்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அதற்குப் பொருத்தமானதே. வாய்ப்புண்ணுக்கும் உதட்டுக் கொப்புளத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் சளி, சர்க்கரை, புற்றுநோய் என எல்லாவற்றுக்கும் மருந்து என்று விற்பவர்களை நம்பாதே. பிரேசிலின் பச்சைப் பிசின் வேறொரு செடியிலிருந்து வருவது. மரம் மாறினால் சத்தும் மாறும் என்பதால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தகைய சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் பிசினைச் சாராயத்தில்தான் கரைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் நீ, மருத்துவரிடம் கேட்காமல் அந்தக் குப்பியைத் திறக்க வேண்டாம்.

நம் நாட்டில் பிசின் சேர்ப்பது கொசுத்தேனீ. மாட்டுத்தொழுவச் சுவரிலிருந்து விரல் நீளத்துக்குக் கறுப்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அது முழுக்கப் பிசினும் மெழுகும்தான். அதன் விளிம்பில் காலை வைக்கும் எறும்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கொட்டத் தெரியாத அந்தச் சிற்றுயிருக்கு அதுவே காவல்.

ராயல் ஜெல்லி என்று விற்கும் அரசித்தேனீக் கூழும் மகரந்தமும் வாங்கலாமா என்றும் எழுதியிருந்தாய். எல்லாப் புழுக்களும் முதல் மூன்று நாள் அந்தக் கூழைத்தான் உண்கின்றன. அரசிக்கு மட்டும் அது வாழ்நாள் உணவு. அதை உண்டு அரசி பல ஆண்டுகள் வாழ்கிறது என்பதற்காக மனிதருக்கும் ஆயுள் கூடும் என்பது விற்பவர் சேர்த்துக்கொண்ட கதை. மாப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கூழால் உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியதே. இரண்டும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

தயங்காமல் பயன்படுத்தக்கூடியது மெழுகு. பழைய அடைகளை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டினேன். 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் அடுப்பில் நேரடியாக வைக்காமல், பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துத் தேங்காய் எண்ணெயோடு கலந்து களிம்பாக்கியிருக்கிறேன். குளிரில் வெடிக்கும் உன் குதிகாலுக்கு இரவில் தடவு. அனுப்பிய தேன் உறைந்துவிட்டதென்று கலங்காதே. ரப்பர் தேன் விரைவில் உறையும். இளஞ்சூடான நீரில் புட்டியை வைத்தால் இளகும். அதை நீ தாராளமாகச் சாப்பிடலாம்.

பிள்ளைக்கு மட்டும் கூடாது. பிறந்ததும் பிள்ளையின் நாவில் சேனை வைப்பதற்கென்று ஆச்சி கொசுத்தேனை இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்கள். உனக்கும் அப்படித்தான் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு தூய தேனிலும் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை அடங்கிக் கிடக்கும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகுரல் தேய்ந்து, பால் உறிஞ்ச வலுவில்லாமல் உடல் துவண்டுவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. தேனை விற்றே உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஆகவே இதைச் சொல்லும் கடமை எனக்குத்தான் முதலில் இருக்கிறது.

ஆச்சியிடம் நேற்று மாலை உட்கார்ந்து பேசினேன். முதலில் முகம் வாடினார்கள். பிறகு அவர்களே அந்தப் புட்டியின் வாயைத் துணியால் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது அதைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா