தண்ணீர் புகாத வாட்ச் எல்லாம் டைவ் கம்ப்யூட்டர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், இலங்கையின் திருகோணமலை என்று ஸ்கூபா டைவிங் போகும் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். படகில் ஏறும் பலரின் கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறது. “50 மீட்டர் வரைக்கும் தண்ணி புகாதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கே, நாம 18 மீட்டர்தானே போறோம்? தனியா டைவ் கம்ப்யூட்டர் எதுக்கு?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது. டைவ் கம்ப்யூட்டர் என்பது, தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் கைக்கருவி. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத இடம் கேட்கிறோம்.

பெட்டியில் உள்ள ‘50 மீட்டர்’ அல்லது ‘5 ஏடிஎம்’ என்பது சோதனைக் கூடத்தில் வாட்ச் தாங்கிய அழுத்தத்தின் அளவு. நீச்சல் குளத்துக்கு அது போதும். டைவர்கள் அணியும் கடிகாரத்துக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனித் தரம் இருக்கிறது. ஆழமானிக்கு இஎன் 13319 என்று இன்னொன்று. ஆப்பிள் நிறுவனமே தன் சாதாரண வாட்ச்களை ஸ்கூபாவுக்கு அணிய வேண்டாம் என்கிறது. சீரிஸ் 10 வாட்சில் ஆழம் அளக்கும் சென்சார் உண்டு, ஆனால் 6 மீட்டர் வரைதான்; அது மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்கலிங்குக்கானது. 2022-இல் வெளிவந்த அல்ட்ரா வகைதான் 40 மீட்டர் வரை ஸ்கூபாவுக்கு ஏற்றது, அதுவும் அதற்கான செயலியோடு. கார்மின் டிசென்ட், சூன்டோ ஓஷன் போன்றவை முதலிலிருந்தே டைவிங்குக்காகச் செய்யப்பட்டவை.

வாட்சுக்குள் தண்ணீர் புகாவிட்டால் வாட்ச் பிழைக்கும். ஆள் பிழைக்க நைட்ரஜன் கணக்கு வேண்டும். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தம், தசை, கொழுப்பு எல்லாவற்றிலும் கரைந்துகொண்டே போகும். விறுவிறுவென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழ்களாகப் பிரியும். மூட்டுவலி, கைகால் மரத்துப்போவது, சில சமயம் இடுப்புக்குக் கீழே முடக்கம். தூத்துக்குடிக் கடலில் கம்ப்ரஸர் காற்றை நம்பிச் சங்கு குளிப்பவர்களுக்கு இந்த மூட்டுவலி புதிதல்ல.

டைவ் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைத்தான் நொடிக்கு நொடி போடுகிறது. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் வகுத்த முறையில், உடலை 16 கூறுகளாகப் பாவித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது, இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருந்தால் வழியில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலே வரலாம் என்று சொல்கிறது. இதுதான் நோ-டெகோ நேரம். டைவிங் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் அட்டவணைப்படி முதல் டைவில் 18 மீட்டருக்கு 56 நிமிடம். 30 மீட்டருக்கு வெறும் 20. இந்த எண்ணைக் காட்டாத எதுவும் டைவ் கம்ப்யூட்டர் இல்லை.

அல்ட்ரா வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் ‘டெப்த்’ செயலி தானாகத் திறக்கும். ஆழம், நேரம், தண்ணீரின் வெப்பநிலை எல்லாம் அழகாகத் தெரியும். நோ-டெகோ நேரம் மட்டும் இருக்காது. அது டைவ் கம்ப்யூட்டர் அல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. ஓஷியானிக் பிளஸ் போன்ற டைவ் செயலியை நிறுவி, செட்டிங்ஸில் ஜெனரல், அதில் ஆட்டோ-லாஞ்ச், அதில் ‘வென் சப்மெர்ஜ்ட்’ என்ற இடத்தில் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓஷியானிக் பிளஸில் சந்தா கட்டினால்தான் நைட்ரஜன் கணக்கு வரும்; இலவசப் பதிப்பு ஆழத்தையும் நேரத்தையும் காட்டுவதோடு சரி. ஹேவ்லாக் படகுத்துறையில் சிக்னலைத் தேடி நிற்காமல், ஊரில் இருக்கும்போதே சந்தாவைச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது வாயு அமைப்பு. முந்தைய நாள் 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று; சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்) சிலிண்டரில் டைவ் செய்துவிட்டு, இன்று சாதாரணக் காற்றுச் சிலிண்டரோடு இறங்கும்போது வாட்சில் 32 அப்படியே இருந்தால், உண்மையில் உள்ளதைவிட அதிக நேரம் இருப்பதாக அது காட்டும். மாறாக, சிலிண்டரில் 32 இருக்க வாட்சில் 21 என்று இருந்தால், ஆக்ஸிஜன் நஞ்சாகும் ஆழ எல்லையைத் தாண்டும்போது எச்சரிக்காது. 32 சதவீதத்துக்கு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு டைவுக்கு முன்பும் அந்த எண்ணைப் பார்ப்பதற்கு மூன்று நொடிதான் ஆகும். கிரேடியன்ட் ஃபேக்டர் (நைட்ரஜன் எல்லைக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பதைக் குறிக்கும் இரண்டு சதவீத எண்கள்; குறைந்தால் பாதுகாப்பு கூடும்) என்ற அமைப்பைத் தளர்த்தி நேரத்தைக் கூட்டிக்கொள்வோரும் இருக்கிறார்கள். கார்மினில் நடுத்தர அளவு 40/85. அனுபவம் குறைந்தவர்கள், உடல் பருத்தவர்கள், தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்கள் 35/75 வைத்துக்கொள்வதே நல்லது. நிறுத்தம் இல்லாத டைவில் இரண்டாவது எண்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

நோ-டெகோ நேரம் இருக்கிறது என்பதற்காகக் காற்றும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம். 50 பாரை மிச்சம் வைத்தால் செலவழிக்கக் கிடைப்பது சுமார் 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் இழுப்பார். ஆக, 27 நிமிடம். அதே ஆழத்துக்கு அட்டவணை தருவதோ 45 நிமிடம். சிலிண்டரில் தனி டிரான்ஸ்மிட்டர் பொருத்தி, அதைப் படிக்கும் வசதியும் வாட்சில் இருந்தாலொழிய, மிச்சம் எவ்வளவு காற்று என்பது வாட்சுக்குத் தெரியாது. எனவே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) தொங்கும் பிரஷர் கேஜை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

ஸ்மார்ட்வாட்சுக்கே உரிய தொல்லைகள் சில. தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. எந்தப் பட்டன் எதற்கு என்பதைக் கரையிலேயே பழக வேண்டும். வெட்சூட்டுக்கு (டைவர்கள் அணியும் தடித்த ரப்பர் உடை) மேல் கட்டினால் தோலில் படாததால் வாட்ச் தானாகப் பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்கும். ‘ரிஸ்ட் டிடெக்ஷன்’ வசதியை முன்பே அணைத்துவிடுங்கள். அதிர்வு எச்சரிக்கையும் வெட்சூட்டைத் தாண்டி உறைக்காமல் போகலாம், கண்ணால் பார்ப்பதே வழி. ஆழத்தில் வெட்சூட் அமுங்கிப் பட்டை தளர்வதால், நீண்ட டைவ் பட்டையைக் கட்டி, இறங்கிய பிறகு ஒருமுறை இறுக்குங்கள். பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வாட்சை நம்பிக் கிளம்ப வேண்டாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள்; ஆழ சென்சாரின் துளையில் உப்பு படிந்தால் அளவு தவறும்.

வாட்சைக் கைமாற்றக் கூடாது. காலை டைவுக்கு நீங்களும் மதிய டைவுக்கு நண்பரும் கட்டினால் இருவர் கணக்குமே பொய். முதல் டைவை வாடகைக் கம்ப்யூட்டரில் செய்துவிட்டு இரண்டாவதில் உங்கள் வாட்சுக்கு மாறினாலும் அதே கதிதான். முதல் டைவின் நைட்ரஜன் அதற்குத் தெரியாது. கீழே இருக்கும்போது திரை அணைந்துவிட்டால் உடனே துணை டைவரிடம் சைகை காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் குறைந்தது 3 நிமிடம் நின்று மேலே வந்துவிட வேண்டும். அடுத்த 24 மணி நேரம் டைவ் கிடையாது.

விமானத்துக்கு முன் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும்: ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பிறகு 18. மலைக்கும் இது பொருந்தும் என்பது தெரிவதில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர். காலையில் புதுச்சேரியில் இரண்டு டைவ் முடித்து அன்று மாலையே மலையேறுவதும் விமானம் ஏறுவதும் உடலுக்கு ஒன்றுதான். 600 மீட்டருக்கு மேல் போவதென்றால் அதே 18 மணி நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

டைவ் நிலையங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. படகுப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள் சேருங்கள்: கம்ப்யூட்டர் அல்லது வாட்சின் வகை, அதில் அமைத்திருக்கும் வாயு சதவீதம், பேட்டரி அளவு. நோ-டெகோ நேரம் காட்டாத வாட்சோடு வருபவருக்கு வாடகைக் கம்ப்யூட்டரைக் கட்டிவிட்ட பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர்கள் சிலர்,
புதுச்சேரி.