லாகின் ஸ்கிரீன் வரலன்னா உடனே ஃபார்மட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கம்ப்யூட்டர் பக்கத்துல, லினக்ஸ்ல (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற இன்னொரு சிஸ்டம்) லாகின் ஸ்கிரீன் வராம நின்னுட்டா எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக்கங்க, கறுப்பு ஸ்கிரீன்ல டைப் பண்றதெல்லாம் எக்ஸ்பர்ட்டுக்குத்தான்னு எழுதியிருந்தீங்க. அதை ஒத்துக்க முடியல சார். நான் தண்டையார்பேட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், எக்ஸ்பர்ட்டெல்லாம் இல்ல.

லாகின் ஸ்கிரீன்ங்கறது மேல ஓடுற ஒரு புரோகிராம், அவ்ளோதான். ஜிடிஎம், லைட்டிடிஎம், எஸ்டிடிஎம்னு பல பேர்ல வரும். அது படுத்துட்டாலும் முக்காவாசி நேரம் கீழ சிஸ்டம் நல்லாதான் ஓடிகினு இருக்கும். வாசக்கதவு இறுகிக்கிச்சுன்னு வீட்டையே இடிப்பாங்களா?

எங்க தெரு அக்கா ஒருத்தங்க பையனோட பழைய லேப்டாப்பைத் தூக்கிகினு வந்தாங்க. பாஸ்வேர்ட் போட்டா ஒரு நிமிஷம் இருட்டாயி திரும்ப பாஸ்வேர்டே கேக்குது. வேற ஒரு கடைல ஃபார்மட் பண்ணாதான் ஆச்சுன்னுட்டாங்களாம், காலேஜ் புராஜெக்ட் பூரா அதுலதான் கீதுன்னு அந்தக்காவுக்கு அழுகையே வந்துடுச்சு. கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் புடிச்சிகினு எஃப்3 அடிச்சேன் (சில லேப்டாப்ல எஃப்என் கீயும் சேத்து அமுக்கணும்), எழுத்து மட்டும் இருக்கிற லாகின் வந்துச்சு. பாஸ்வேர்ட் அடிக்கும்போது அதுல ஸ்டார் கூட வராது, கீபோர்டு போச்சுன்னு நினைச்சுடாதீங்க. உள்ள போயி, டிஸ்க்ல எவ்ளோ இடம் இருக்குன்னு காட்டுற டிஎஃப், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் ஹெச் (df -h) கமாண்டைப் போட்டா டிஸ்க் 100 பர்சென்ட் ஃபுல். உள்ள விடறதுக்கு முன்னாடி சிஸ்டம் எழுதவேண்டிய குட்டி ஃபைலுக்குக்கூட இடம் இல்ல, அதான் திரும்பத் திரும்ப வெளிய தள்ளிகினு இருந்திருக்கு. டவுன்லோட் ஆகி மிச்சமா கிடக்கிற இன்ஸ்டால் ஃபைலையெல்லாம் அழிக்கிற சுடோ ஆப்ட் கிளீன் (sudo apt clean) போட்டு, பையனைக் கேட்டுட்டு பெரிய வீடியோ சிலதை அழிச்சதும் லாகின் ஆயிடுச்சு. நடுவுல அவன் தமிழ்ல பேர் வச்ச ஃபைலெல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சதும் வைரஸான்னு பயந்துட்டான். அந்த ஸ்கிரீனோட ஃபான்ட்ல 512 வடிவத்துக்கு மேல வைக்க முடியாது, கொம்பு, கால் சேத்து காட்டவும் தெரியாது. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்ல ஸ்கிரீன் மொத்தமா உறைஞ்சு எஃப்3-யும் வேலைக்கு ஆகலன்னா, பூட் ஆகும்போது ஷிப்ட் இல்ல எஸ்கேப் அமுக்கி க்ரப் மெனுவுக்குப் (எந்த சிஸ்டத்தை எப்படி ஆரம்பிக்கணும்னு கேக்குற லிஸ்ட்) போங்க, இங்கிலீஷ் ஈ (e) கீயை அடிங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி கடைசில ஸ்பேஸ் விட்டு 3-ன்னு போட்டு கன்ட்ரோல் எக்ஸ் அடிங்க. அந்த ஒரு தடவைக்கு மட்டும் லாகின் ஸ்கிரீன் இல்லாம வரும்.

லாகின் ஸ்கிரீன் நிரந்தரமாவே வேணாம்னா சுடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டீஃபால்ட் மல்டி-யூசர் டாட் டார்கெட் (sudo systemctl set-default multi-user.target) போடுங்க. என் கடை மூலைல ஒரு 2 ஜிபி ராம் டப்பா இப்டிதான் மானிட்டரே இல்லாம ஓடுது, கடைல எல்லா சிஸ்டத்துலேந்தும் வர்ற பிரின்டை அதுதான் பிரின்டருக்கு அனுப்புது. படம், மெனு எல்லாம் காட்டுற க்னோம் டெஸ்க்டாப் போட்டிருந்தா அதுவே ஒரு ஜிபி கிட்ட சாப்டிருக்கும். தொல்லையும் உண்டு, இல்லன்னு சொல்லல. பென்டிரைவ் சொருகினா தானா தொறக்காது, கமாண்ட் அடிச்சு நாமதான் சேக்கணும் (மவுன்ட்னு சொல்வாங்க). வைஃபைக்கு என்எம்டியூஐன்னு (nmtui) ஒரு புரோகிராம் இருக்கு, அது ஈஸிதான். பழையபடி வேணும்னா அதே கமாண்ட்ல மல்டி-யூசருக்குப் பதிலா கிராஃபிக்கல்னு (graphical) போட்டு ரீஸ்டார்ட் பண்ணா போதும்.

அடுத்த வாரம் அந்த எஃப்3 விஷயத்தையாவது ஒரு பெட்டி கட்டிப் போடுங்க சார், ஃபார்மட்டுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஜனங்க ஒருவாட்டி அடிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை