மசோதா குழுவில் இருக்கும்போதே சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்ற முறை பற்றிய பேச்சு பெரும்பாலும் தேர்தலில் தொடங்கித் தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது. ஓட்டுப் போட்டாயிற்று, இனி அடுத்த தேர்தல்வரை நமக்கு வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நடுவில் ஒரு வாசல் திறந்திருப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கு வரும் நாளில் முடிவு ஏறக்குறைய தெரிந்ததுதான். அவையின் பெரும்பான்மை கைவிட்டால் அரசே கவிழும் என்பதால், ஆளும் தரப்பு உறுப்பினர்கள் கொறடா சொன்னபடி வாக்களிப்பார்கள். ஆனால் அதற்கு முன்பே பல மசோதாக்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அடங்கிய குழுவுக்குப் போகின்றன. அங்கே ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் படிக்கிறார்கள். வெளியில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். நியூசிலாந்தில் யார் வேண்டுமானாலும் குழுவுக்கு எழுதலாம், நேரில் பேசவும் நேரம் கேட்கலாம். இந்தியாவிலும் நிலைக்குழுக்கள் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்பதுண்டு. தென்னாப்பிரிக்காவில் மக்கள் பங்கேற்புக்கு வழி செய்வது நாடாளுமன்றத்தின் கடமை என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அந்தக் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்காகவே 2006-இல் அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம், நிறைவேறி முடிந்த சட்டங்களைச் செல்லாது என்றது.

எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு மசோதாவில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.’ மேலோட்டமாகப் படித்தால் நல்ல வரிதான். ஆனால் ‘லாம்’ என்று இருக்கும்வரை அவர் தெரிவிக்காமலும் இருந்துவிடலாம். ‘30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்’ என்று மாற்றிப் பாருங்கள். மேல்முறையீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு காகிதம் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்குப் பார்த்ததுமே உறைக்கும். பிரிவு எண், இப்போதுள்ள சொல், அதற்குப் பதில் என்ன சொல், அதனால் யாருக்கு என்ன ஆகும், இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

மனுக்களும் இருக்கின்றன. பிரிட்டனில் 10,000 பேர் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்கிறது, 1,00,000 பேர் என்றால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஆள் திரட்ட வேண்டும். குழுவுக்கு எழுத ஒரு ஆள் போதும்.

சரி, பிறகு ஏன் இவ்வளவு குறைவான பேர் எழுதுகிறார்கள்? என் அனுபவத்தில், தகவல் வந்து சேருவதில்லை. ஒரு முறை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி முடித்த பிறகுதான், கடைசித் தேதி நான்கு நாட்களுக்கு முன்பே போய்விட்டது எனக்குத் தெரிந்தது. அந்த மசோதா நிறைவேறியபோது எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கச் செய்தி. குழுவில் இருந்தபோது ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த மசோதா எந்தக் குழுவில் இருக்கிறது, கருத்து அனுப்பக் கடைசித் தேதி என்ன, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று வாரம் ஒரு முறை சிறு கட்டம் கட்டி வெளியிடுங்கள். நான்கு வரி இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி