பழம்பல்லைக் கழுவ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். உழவு வந்ததும் மனித உடல் செழித்தது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை கூறுவது சரியன்று. மக்கள்தொகை பெருகியது உண்மை, உடல் நலிந்தது. கிழங்கு, கனி, இறைச்சி எனப் பலவும் உண்டவர்கள் ஒரே தானியத்தை நம்பியபோது, மாவு ஒட்டிப் பற்சொத்தை மிகுந்தது. தானியத்தின் பைட்டிக் அமிலம் இரும்புச்சத்து சேர்வதைத் தடுத்தது. சிரியாவின் தொடக்ககால உழவர் ஊரான அபு ஹுரைராவில், மண்டியிட்டு மாவரைத்த பெண்களின் கால் பெருவிரல் மூட்டும் முதுகெலும்பும் சிதைந்திருந்தன.

இத்தகைய நலிவைப் பழம்பற்கள் காட்டிக்கொடுக்கும். நொய்யல் கரையின் கொடுமணல் போன்ற பழங்கால ஈமக்காடுகளில் எலும்பு நைந்தாலும் பல்லின் எனாமல் நிற்கும். குழந்தைப் பருவத்தில் பசியாலோ நோயாலோ வளர்ச்சி தடைபட்டால் எனாமலில் குறுக்கே பள்ளக்கோடு விழும், ஆயுளுக்கும் மறையாது. பல்லில் படிந்த காரைக்குள் உண்ட தானியத்தின் மாவுத்துகள்கூட இருக்கும். கிடைத்த பல்லைத் தண்ணீரில் போட்டு பிரஷால் தேய்த்தால் காரை உதிர்ந்துவிடும், அதோடு சான்றும் போகும். தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது முதுமக்கள் தாழியோ, கற்பலகைகளால் அமைத்த ஈமக்குழியான கற்பதுக்கையோ தென்பட்டால் பொக்லைனை நிறுத்தி, எதையும் தொடாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்கும்படி, தொல்லியல் துறை நொய்யல் கரை ஊராட்சிகள்தோறும் அறிவிப்புப் பலகை வைக்கலாம்.

– வாசகர், சென்னிமலை