சட்டிக்கும் ஒரு மைக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கானாவையும் ராக்கையும் சேர்த்துப் பாடும் இளைஞர் குழுக்களைப் பற்றி நாளிதழ்களில் இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் பாட்டின் கருத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டு மேடையிலிருந்து ஒழுங்காகக் காதில் விழ என்ன வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. புதுக் குழுக்கள் முதல் இரண்டு வருஷம் தடுமாறுவது அங்கேதான். மேடை ஒலியமைப்பிலும் ஒலிப்பதிவிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவையே எடுத்துக்கொள்வோம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. 19 பேர் கொண்ட குழு. டிரம்ஸும் கிட்டாரும் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்டமோளம், டோலக் என்ற தோல் வாத்தியங்கள் இன்னொரு பக்கம். இவற்றோடு கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள். அதற்குப் பிறகு இதே வழியில் குழு தொடங்க நினைக்கிற பிள்ளைகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்காக.

இத்தனை வாத்தியம் உள்ள குழுவுக்கு மிக்ஸரில் எத்தனை சேனல், அதாவது ஒவ்வொரு மைக்கும் தனியாக வந்து சேரும் வழி, வேண்டும்? டிரம்ஸுக்கு 8, பேஸுக்கு 1, கிட்டாருக்கு 2, கீபோர்டுக்கு 2, பறைக்கு 2, சட்டிக்கு 1, கட்டமோளத்துக்கு 2, டோலக்குக்கு 2, குரல்களுக்கு 8. மொத்தம் 28. லேப்டாப்பிலிருந்து ஏதாவது ஓடினால் இன்னும் 2. ஆக 30. கல்லூரி விழாக்களில் ‘ஃபுல் சவுண்ட் சொல்லியாச்சு’ என்பார்கள். போய்ப் பார்த்தால் 16 சேனல் மிக்ஸர் நிற்கும். அப்போது முதலில் வெட்டுப்படுவது யார்? கிட்டாரில் ஒருபோதும் கை வைக்க மாட்டார்கள். சட்டிக்கும் கட்டமோளத்துக்கும் சேர்த்து நடுவில் ஒரே ஒரு மைக்கை நட்டுவிட்டு, ‘இதுங்களுக்குத்தான் சொந்தச் சத்தமே இருக்கே’ என்பார்கள். மேடை ஓரத்தில் நிற்பவருக்கு அந்தச் சத்தம் உண்மைதான். நூறடி தள்ளி நிற்கும் கூட்டத்துக்கு ஸ்பீக்கரில் வருவது மட்டும்தான் கேட்கும். கானாவின் நடை சட்டியிலும் டோலக்கிலும்தான் இருக்கிறது. அவை போய்விட்டால் மிச்சம் இருப்பது சாதாரண ராக் பாட்டு.

பறை வேறு விதமான சிக்கல். வாசிப்பவர் ஆடிக்கொண்டே வாசிப்பார். ஸ்டாண்டில் மைக் வைத்தால் ஒரு அடி கேட்கும், அடுத்த அடி காணாமல் போகும். சட்டத்தின் விளிம்பில் கவ்வுகிற சிறு கண்டென்ஸர் மைக்கும் இடுப்பில் ஒரு வயர்லெஸ் பெட்டியும்தான் வழி. லெவல் வைக்கும்போது, சவுண்ட் செக்கில் அடிக்கிற அடியை நம்பக் கூடாது. கூட்டம் வந்ததும் கை தானாக ஓங்கும். 10 டெசிபல்வரை கூடிவிடும். அந்த இடைவெளியை முதலிலேயே விட்டு வைக்காவிட்டால் முதல் பாட்டிலேயே ஒலி கிழியும். உரத்த அடியை அடக்கும் கம்ப்ரஸர் கருவியைப் போடுவதானால், அட்டாக், அதாவது அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம், 20 முதல் 30 மில்லி விநாடி இருக்கட்டும். அதற்கும் வேகமாக வைத்தால், சிண்டுக்குச்சி என்ற மெல்லிய நீளக் குச்சி தோலில் விழும் அந்தச் ‘சடீர்’ நசுங்கி, அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடும்.

அந்தச் ‘சடீர்’ பாடகரின் மைக்கிலும் புகும். பறைக்காரர்கள் பாடகருக்கு நேர் பின்னால் நின்றால், குரலை ஏற்றும்போதெல்லாம் பறையும் ஏறும், மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஊளையிடும். பறையைப் பக்கவாட்டில், குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். எஸ்எம் 58 என்ற பாடகர் மைக்குக்கு நேர் பின்பக்கம் செவிடு, அங்கிருந்து வரும் ஒலியை அது அதிகம் எடுக்காது. ஆகவே மானிட்டர் பாடகரின் நேர் எதிரே இருக்க வேண்டும். பீட்டா 58 அப்படியில்லை. அதற்குச் செவிடான இடம் பின்பக்கத்தின் இரண்டு ஓரங்கள். மானிட்டரைச் சற்றுச் சாய்த்து ஓரத்தில் வைக்க வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை நகர்த்தாமல் விடுவது தினமும் நடக்கிற தவறு. ராப் பாடுகிறவர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தச் செவிட்டுத்தனம் முழுக்கப் போய்விடும். அதை ஒத்திகையிலேயே சொல்லித் திருத்த வேண்டும்.

மார்கழி, தை மாதத்துத் திறந்தவெளிக் கச்சேரி என்றால் பனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை மொத்தையாகும். நெருப்பு மூட்டிக் காய்ச்சுவதுதான் பறையின் முறை. பள்ளி மைதானங்களிலும் அரங்குகளிலும் நெருப்புக்கு அனுமதி கிடைப்பதில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு ஹாலஜன் விளக்கு வைத்து, ஒரு முழம் தள்ளிப் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் போதும். ஒரே இடத்தில் சூடு நின்றால் தோல் வெடிக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பறை ஒன்று விளக்கருகில் தயாராக இருக்கட்டும். ஃபைபர் தோல் தளராது என்று அதற்கு மாறுகிறார்கள். அதில் மேல் ஓசை மட்டும்தான் வரும், அடிக்குச்சி என்ற தடித்த குட்டைக் குச்சியின் கனம் வராது. மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா நாளுக்கும் அது பறையாகாது.

மின்சாரத்தை யாரும் சோதிப்பதில்லை. கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டே உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கிற மேடைகள் இன்னும் இருக்கின்றன. பாடத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஓரிரண்டு வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை, பாட வேண்டாம். ஸ்பீக்கரில் ‘ஹம்’ என்ற இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் முனையைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியில், ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது. அதைத் தள்ளினால் போதும்.

ஒலிப்பதிவில் வருவது தாளச் சிக்கல். கானா பாடுகிறவர் வரியை இழுப்பார், சட்டென்று முடிப்பார். காதில் கிளிக் (சீரான தாளத் தட்டு) ஓட்டிப் பாடச் சொன்னால் அந்த இழுப்பு செத்துப்போகும். டோலக்கையும் குரலையும் முதலில் கிளிக் இல்லாமல் பதிவு செய்து, மென்பொருளில் அந்த நடைக்கு ஏற்றபடி டெம்போ கோட்டை வரைந்து, அதன் மேல் டிரம்ஸையும் கிட்டாரையும் ஏற்ற வேண்டும். வேலை இரட்டிப்பு. ஆனால் பாட்டு பிழைக்கும்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தில். பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம், ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மெட்டு வழிவழியாக வந்தது என்றால் ‘மரபு மெட்டு’ என்றே எழுதி, அதைக் கொண்டுவந்தவர் பெயரையும் சேருங்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்கிறது. அதைப் பெற, அவரவர் தம் சொந்தப் பெயரில், ராயல்டியை வசூலித்துப் பகிரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். குழுவின் பெயர் போதாது. இணையத்திலிருந்து எடுத்த தாள லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் சிறு பதிவை) பாட்டில் வைத்தால், அதே லூப்பை வாங்கிய வேறொருவர் யூடியூபில் உரிமை கோரக்கூடும். வீட்டில் ஒரு டோலக்கைப் பதிவு செய்து வைப்பது அதைவிட மேல்.

விழா நடத்துகிறவர்களிடம் எங்கள் கோரிக்கை: 32 சேனல் மிக்ஸரும், வாசல் திறக்கும் முன் 90 நிமிடமும் கொடுங்கள். டிரம்ஸுக்கு 20, தோல் வாத்தியங்களுக்கு 20, கிட்டார் பேஸுக்கு 10, குரல்களுக்கு 20, எல்லோரும் சேர்ந்து இரண்டு பாட்டுக்கு 20. இதில் பிரமுகர் உரைக்கான ஒத்திகையைச் சேர்க்காதீர்கள்.

தங்களிடம் ஒன்று கேட்கிறோம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது தமிழ்ப் பத்திரிகைகள் பெருமையோடு எழுதின, அது நியாயமானதே. அந்தக் குரலுக்குப் பின்னால் சட்டியும் கட்டமோளமும் வாசிக்கிறவர்களின் பெயர்கள் கச்சேரிச் செய்திகளில் ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. அடுத்த முறை நிருபரை அனுப்பும்போது, மேடைக்குப் பின்னால் போய் யார் எந்த வாத்தியம் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். படத்தின் கீழே இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
மேடை ஒலியமைப்பாளர்கள் சிலர்,
சென்னை.