ஏழு மார்க் போட்டதற்கா இவ்வளவு வசவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் விமர்சகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேம் என்றாலே பையன் கெட்டுப்போகிறான், கண் கெட்டுப்போகிறது என்பதைத் தாண்டி நம் பத்திரிகைகளில் பெரிதாக எதுவும் வருவதில்லை. ஆனால் கட்டுரை போய்ச் சேர்ந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. விமர்சகர்கள் எல்லாரும் கம்பெனிகளின் ஆட்கள், காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவன்தான் நேர்மையானவன், அதனால் அவன் விமர்சகரைத் திட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று முடித்துவிட்டார் எழுதியவர். அதற்கு அவர் காட்டிய உதாரணம் சைபர்பங்க் 2077 என்ற கேம். அவர் சொல்ல வந்ததற்கு நேர் எதிராக நிற்கிற உதாரணம் அது.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிடி ப்ராஜெக்ட் ரெட் என்பது போலந்துக் கம்பெனி. 2015-இல் வந்த விட்சர் 3 என்ற கேமால் உலகம் முழுக்க நல்ல பெயர் வாங்கியது. சைபர்பங்க் கேமை அவர்கள் அறிவித்தது 2012-இலேயே. 2019-இல் நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றி, அவரும் கதையில் இருக்கிறார் என்று சொன்னதும் எதிர்பார்ப்பு எங்கேயோ போய்விட்டது. 2020 ஏப்ரலில் வரும் என்றார்கள், செப்டம்பர் என்றார்கள், நவம்பர் என்றார்கள், கடைசியில் டிசம்பர் 10-க்கு வந்து நின்றது. அதற்குள் உலகம் முழுக்க 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். அதாவது ஒரு நிமிடம்கூட ஆடிப் பார்க்காமல் பணம் கட்டியவர்கள் 80 லட்சம் பேர்.

டிசம்பர் 7-ஆம் தேதி, கேம் வெளியாக மூன்று நாள் இருக்கும்போது, விமர்சனங்கள் வந்தன. பெரும்பாலானவர்கள் பத்துக்கு ஒன்பது, பத்து என்று அள்ளிப் போட்டார்கள். கேம்ஸ்பாட் தளத்தில் எழுதிய பெண் விமர்சகர் ஏழுதான் போட்டார். ஏழு என்றால் அந்தத் தளத்தின் கணக்கில் 'நல்ல கேம்' என்றுதான் பொருள், அதை முதலில் கவனிக்க வேண்டும். சில கிளைக்கதைகள் நன்றாக இருக்கின்றன என்று பாராட்டிவிட்டு, நகரம் பார்க்கப் பிரமாதம் ஆனால் உள்ளே ஆழம் இல்லை, தடுக்கி விழுகிற இடமெல்லாம் பக், அதாவது மென்பொருள் கோளாறு, இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு அவர் வாங்கிய வசவைச் சொல்லி மாளாது. கேமை ஒழுங்காக ஆடவே தெரியவில்லை என்றார்கள், பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள், பத்திரிகையில் அச்சிட முடியாததையும் சொன்னார்கள்.

இதில் யார் ஆடிப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்கள்? திட்டியவர்களில் ஒருவர் கையிலாவது அந்த கேம் இருந்ததா? கட்டுரையாளர் சொல்கிற 'காசு கொடுத்து ஆடிய நேர்மையான ரசிகன்' அன்றைக்கு இன்னும் பிறக்கவே இல்லை. காசு கொடுத்தவன் இருந்தான், ஆடியவன் இல்லை.

அதே நாளில் நடந்த இன்னொரு விஷயம் இதைவிடக் கேவலம். கேம் இன்ஃபார்மர் பத்திரிகையில் எழுதிய ஒரு விமர்சகருக்கு ஏற்கெனவே வலிப்பு நோய் உண்டு. கேமில் பிறர் நினைவுக்குள் போய்ப் பார்க்கிற ஒரு கருவி வரும், அதை மாட்டும்போது சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் படபடவென்று கண்ணில் அடிக்கும். அதை ஆடும்போது தனக்கு வலிப்பு வந்துவிட்டது, இந்தப் பிரச்சினை உள்ளவர்கள் ஜாக்கிரதையாக ஆடுங்கள் என்று எச்சரித்து எழுதினார். ஆட வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்குச் சிலர் வேண்டுமென்றே கண்ணைப் பறிக்கிற வெளிச்ச வீடியோக்களை அனுப்பினார்கள், வலிப்பு வரட்டும் என்று. கம்பெனி அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு எச்சரிக்கை வாசகம் சேர்த்தது, பிறகு அந்தக் காட்சியையே மாற்றியது. கம்பெனிக்கே வராத கோபம் ரசிகனுக்கு எங்கிருந்து வந்தது?

சரி, டிசம்பர் 10 வந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களை (டிவியில் மாட்டி ஆடும் கருவிகளை) வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். முகங்கள் வழுவழுவென்று களிமண் மாதிரி தெரிந்தன, படம் தட்டுத்தடுமாறியது, கேம் பாதியில் மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் இணையக் கடையில் இருந்தே கேமைத் தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி அந்தக் கடைக்கு அது வந்தது 2021 ஜூனில்தான். கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர் ஜனவரியில் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா, ஏழு போட்டவரைத் திட்டிய அதே கூட்டம் ஒன்பது போட்டவர்கள் பக்கம் திரும்பி, ஏன் எங்களை எச்சரிக்கவில்லை, எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டது.

ஏன் எச்சரிக்கவில்லை என்ற அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது கணினியில் ஆடும் பிரதி மட்டும்தான், கன்சோல் பிரதி கொடுக்கவில்லை. தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் விடவில்லை, கம்பெனி கொடுத்த வீடியோவைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை. இப்படி ஒரு நிபந்தனை வைத்தால், கன்சோலில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் காட்டவே இல்லை, அதில் வாங்குகிறவர்கள் பொறுங்கள் என்று தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும். சிலர் உள்ளே ஒரு வரியில் சொன்னார்கள், பலருக்கு அது கண்ணில் படவில்லை. ஆனால் அதற்காக விமர்சகர்களே வேண்டாம் என்று கட்டுரையாளர் போவது வேடிக்கை. அந்த 80 லட்சம் பேருக்கு அன்று உபயோகப்பட்டிருக்கக் கூடிய எழுத்து எது? எல்லாரும் சேர்ந்து மிதித்த அந்த ஏழு மார்க் விமர்சனம்தான்.

நம்மூரில் 2024 கடைசியில் சினிமா தயாரிப்பாளர்கள் சங்கம், படம் வந்த முதல் மூன்று நாளைக்கு யாரும் விமர்சனம் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நீதிமன்றம் தடை போடவில்லை. பணத்தைக் கொட்டியவர்கள் பயப்படுகிறார்கள், அது தப்பானாலும் எனக்குப் புரிகிறது. கேமிலோ விமர்சகர் வாயை அடைக்கும் அந்த வேலையை, காசு கொடுத்து கேம் வாங்குகிறவனே சம்பளம் இல்லாமல் செய்து கொடுக்கிறான். நாலாயிரம் ஐயாயிரம் கட்டியாயிற்று, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று, பல வருடம் காத்திருந்தாயிற்று, இப்போது ஒருத்தர் வந்து சுமார்தான் என்றால் அவனுக்கு அது கேம் பற்றிய கருத்தாகக் கேட்பதில்லை, உனக்குப் புத்தியில்லை என்று சொன்னது மாதிரி கேட்கிறது.

கதையுள்ள கேம் என்றால் இது இன்னும் கூடுதல். சினிமாவில் கதாநாயகன் செய்வதைப் பார்க்கிறோம், கேமில் செய்வது நாம். சைபர்பங்கில் வி என்கிற அந்தப் பாத்திரத்தின் முகம், குரல், ஆணா பெண்ணா, எந்தப் பின்னணியில் இருந்து வந்தவர் என்பதையெல்லாம் ஆடுகிறவர்தான் தேர்ந்தெடுக்கிறார், யாரோடு சேர்வது, யாரைக் கைவிடுவது, கடைசியில் எப்படி முடிவது என்பது வரைக்கும். அப்படி ஐம்பது மணி நேரம் வாழ்ந்த ஒரு கதையை (அல்லது வாழப்போகிறோம் என்று கற்பனை செய்துவைத்திருந்த கதையை) வெறுமையாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் சுள்ளென்று இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்திருக்கிறது. ஆனால் சுள்ளென்று இருப்பது வேறு, எழுதியவர் வேலையைப் பறிக்கக் கிளம்புவது வேறு. 2013-இல் ஜிடிஏ 5 என்ற கேம் வந்தபோது அதே கேம்ஸ்பாட்டில் ஒரு விமர்சகர் பத்துக்கு ஒன்பது போட்டு, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு, பெண்களை இந்தக் கதை நடத்துகிற விதம் மோசம் என்று சில வரிகள் எழுதினார். அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஒன்பது மார்க்குக்கு!

எல்லாரும் மார்க்கைத்தான் பார்க்கிறார்கள், எழுதியதைப் படிப்பதில்லை. இதற்கு ஆடுகிறவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, தொழிலே அப்படித்தான் ஓடுகிறது. மெட்டாகிரிட்டிக் என்ற தளம் எல்லா விமர்சகர்களின் மார்க்கையும் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாக்கிக் கொடுத்துவிடும். 2010-இல் ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேமைச் செய்தவர்களுக்கு 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது, வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போயிற்று. அந்தக் கதையை இன்றும் கதை சொல்லும் கேம்களில் ஆகச் சிறந்த ஒன்றாகப் பேசுகிறவர்கள் நிறைய பேர், நானும் அந்தக் கட்சிதான்.

ரசிகர்கள் பக்கம் முழுக்கத் தப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூன் 19-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் தலைகீழ், விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், ரசிகர்கள் மெட்டாகிரிட்டிக்கில் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுத் தள்ளினார்கள். முதல் பாகத்தின் நாயகன் ஜோயல் ஆரம்பத்திலேயே கொல்லப்படுகிறான், பாதிக் கதைக்குப் பிறகு அவனைக் கொன்ற ஆபியாக நாமே ஆட வேண்டும். (டிவி தொடராகவும் வந்துவிட்டது, கதையைச் சொல்லிவிட்டான் என்று யாரும் எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம்.) முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிற கேமுக்கு, வெளியான சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது என்றால் அதில் பெரும்பாலானவர்கள் முடித்திருக்க வழியே இல்லை. ஏப்ரலில் கசிந்த காட்சிகளை வைத்துக்கொண்டு போட்ட மார்க் அது. ஜூலையிலேயே மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மார்க் போடலாம் என்று மாற்றிக்கொண்டது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நியாயமாகப் பேசியவர்களும் இருந்தார்கள், அவர்கள் குரல் அமுங்கிப்போய்விட்டது. கம்பெனி விட்ட ட்ரெய்லரில் ஒரு காட்சியில் கதாநாயகி எல்லியோடு ஜோயல் நிற்பான், கேமில் அதே காட்சியில் நிற்பது ஜெஸ்ஸி என்கிற வேறு ஆள். ஜோயல் கடைசி வரை வருவான் என்று நம்பி வாங்கியவனுக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் படும். விமர்சகர்களுக்கும் கதையின் பின்பாதியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று நிபந்தனை. எந்த இடத்தில் ரசிகனுக்கு வலிக்கப்போகிறதோ அதைப் பற்றி மட்டும் எழுத முடியாமல் ஒன்பதரை, பத்து என்று போட்டால், வாங்கியவனுக்கு அந்த விமர்சனத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? எனக்கு அந்த கேம் ரொம்பப் பிடிக்கும், ஆனால் விறுவிறுப்பின் உச்சியில் கதையை நிறுத்தி மூன்று நாள் பின்னால் கொண்டுபோய் ஆபியாக ஆடச் சொல்கிற அந்த இடத்தில் சறுக்கியது என்று சொல்கிறவர்களோடு உட்கார்ந்து பேச நான் தயார். கோபம் போக வேண்டிய இடம் ட்ரெய்லரை வெட்டியவர்கள். அது போய் விழுந்ததோ ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லி மேல், கொலை மிரட்டல்களாக. அவர் அந்தக் கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகவே விமர்சகர் ஒரு கட்சி, ரசிகர் எதிர்க்கட்சி என்று பிரிப்பதை உங்கள் பத்திரிகையாவது விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சைபர்பங்க் 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபின் நிஜமாகவே நல்ல கேமாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா அன்றைக்கு ஏழு போட்டது தப்புதானே என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். 2020-இல் கையில் கொடுத்ததை 2020-இல் ஆடி எழுதியதுதான் விமர்சனம். மூன்று வருடம் கழித்து ரிப்பேர் பார்த்ததற்கு அன்றைக்கே யார் மார்க் போட முடியும்?

நீங்கள் கேம் விமர்சனம் தொடர்ந்து போடப்போவதாக அந்தக் கட்டுரையின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. போடுங்கள், சந்தோஷம். எந்தக் கருவியில் ஆடினார், முடித்தாரா பாதியில் விட்டாரா, காசு கொடுத்து வாங்கியதா கம்பெனி கொடுத்ததா, எதைச் சொல்லக்கூடாது என்று நிபந்தனை ஏதும் இருந்ததா, இவ்வளவையும் மேலேயே அச்சிடுங்கள். மார்க், ஸ்டார் எதுவும் வேண்டாம். மார்க் இல்லையென்றால் வேறு வழியில்லாமல் படிப்பார்கள். முடித்துவிட்டு விமர்சகரோடு சண்டை போட வருகிறவர்களின் கடிதங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள், கதையைப் பற்றிய நல்ல பேச்சு பாதி அங்கேதான் இருக்கும்.

அப்புறம், அந்தக் கட்டுரையில் சைபர்பங்க் வெளியான வருடம் 2021 என்று அச்சாகியிருக்கிறது. 2020 என்று ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திண்டுக்கல்